டயாப்டர் சார் வாங்கிய பூதக்கண்ணாடி

பொருள் வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைக்கப்பட்டு, எந்தப் பொருளையும் வாங்காமலே காலம் தள்ளிய பர்சேஸ் ஆபீசர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரும் வேறு இடம் கிடைக்காமல் ஓசூரில் எங்கள் கம்பெனியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளம் வாங்கும் அன்றைக்கு மட்டும் பயன்பட்டது. மற்ற நாளெல்லாம் அவர் டயாப்டர் சார். லென்ஸின் சக்தியை அளக்கிற கணக்குக்கு டயாப்டர் என்று பெயர். கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்கிறோமே, அதுதான். ஒரு நாளில் அந்த வார்த்தையை அவர் எத்தனை தடவை சொல்கிறார் என்று எங்கள் லைன் பெண்கள் ஒருமுறை பந்தயம் கட்டினார்கள். காலை டீ வருவதற்குள் எண்ணிக்கை தப்பிப்போய்ப் பந்தயம் கலைந்தது. அதற்கு முன்னால் அவருக்கு வேறொரு பட்டப்பெயர் இருந்தது. அது கம்பெனிக்குத் துடைப்பம் வாங்கப்போன காலத்தில் வைத்தது. மூன்று கடைத் துடைப்பங்களைக் கொண்டுவந்து, பெருக்குகிற அம்மாவை மூன்று மூலையிலும் பெருக்கச் சொல்லி, எதில் தூசி அதிகம் சேர்கிறது என்று முறத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா வேலையை விட்டே போய்விட்டார். போகும்போது அவர் வைத்துவிட்டுப் போன பெயர் அது. குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு மத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்து, அந்தக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரை ஷெட், அதில் இரண்டு நீள மேசை, மேசைக்கு இருபக்கமும் பெண்கள். கடிகாரம், பேட்டரி சார்ஜர் இதற்கெல்லாம் உள்ளே வைக்கிற சர்க்யூட் போர்டு செய்து கொடுப்போம். பாகங்கள் எல்லாம் பட்டாணி, சுண்டல் அளவில் இருக்கும். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை ஒரு கையிலும் ஈயக் கம்பியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, முந்தின ராத்திரி டி.வி.யில் பார்த்ததைப் பற்றிப் பேசியபடியே வைத்துத் தள்ளிவிடுவார்கள். பேச்சு தமிழில் தொடங்கி, தெலுங்கில் சூடுபிடித்து, கன்னடத்தில் போய் முடியும். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் காது மெஷின் ஆர்டர் வந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் காது கேட்கும் கருவியின் உள்ளே வைக்கிற போர்டு. கட்டைவிரல் நகத்தில் பாதி அளவு. அதில் ஒட்டவேண்டிய சிப்புகள் கேழ்வரகு அளவு. முதல் பாக்கெட்டை நான் பிரித்துக் காட்டியபோது உத்தனப்பள்ளி சரோஜா குனிந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அதோடு நான்கு சிப்பு காணாமல் போயிற்று. சரோஜாவுக்கு இருபது வயது, வாய்க்கு அறுபது.

“எங்கூர்ல இதக் கோழிதான் மேடம் பொறுக்கும். மனுசங்க பொறுக்க மாட்டாங்க,” என்றாள்.

முதலாளி தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழிலும், வங்கிக்காரர்களிடம் கன்னடத்திலும் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தாய்மொழி. அவர் டயாப்டர் சாரைக் கூப்பிட்டு, லைனுக்கு எல்லாம் பூதக்கண்ணாடி வேண்டும், ஒரு வாரத்தில் வாங்கிப் போடு என்றார். டயாப்டர் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாது. சரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வராமல், கண், கண்ணாடி, வெளிச்சம், ஜெர்மன்காரர்கள் இத்தனையையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் இருந்தேன். பாதியில் முதலாளி எழுந்து போய்விட்டார். பேச்சு நிற்கவில்லை.

முதலில் வந்தது, கைரேகை பார்ப்பவர்கள் வைத்திருப்பார்களே, பிடி போட்ட பூதக்கண்ணாடி. ஒரு கையில் அயர்ன், ஒரு கையில் சிப்பைப் பிடிக்கிற ட்வீசர். பூதக்கண்ணாடியை யார் பிடிப்பது? இதை நான் கேட்டேன். சாதாரண மனிதர் என்றால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் சைக்கிள் கடைக்குப் போய், சைடு கண்ணாடி மாட்டுகிற கம்பியும் கிளாம்பும் வாங்கிவந்து மேசையில் முடுக்கி, அதன் நுனியில் பூதக்கண்ணாடியைக் கட்டினார். பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஓடும். அது ஒரு அடி அடிக்கும்போதெல்லாம் எங்கள் லென்ஸில் சிப்பு ஒரு குதி குதிக்கும். பத்து நிமிடம் அதைப் பார்த்த சரோஜா, ஜவளகிரி மலைப்பாதையில் பஸ்ஸில் போனமாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாந்தி எடுக்கப் போனாள். டயாப்டர் சார் அதைக் குறித்துக்கொண்டார். பிரஸ்ஸின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பக்கத்து ஷெட்டில் போய்க் கேட்டார். அவர்கள் எங்கள் முதலாளியிடம் புகார் சொன்னார்கள்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடைக்காரரிடம் இரவல் வாங்கியது. கண்குழியில் செருகிக்கொண்டு பார்க்கிற சின்னக் குழாய் லென்ஸ். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். கேழ்வரகு, கொய்யாப்பழம் போலத் தெரிந்தது. ஆனால் அப்படித் தெரிய வேண்டுமானால் கண்ணைப் போர்டுக்கு ஒரு அங்குலத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த ஒரு அங்குலச் சந்தில் கொதிக்கிற அயர்ன் எங்கே நுழையும்? நுழையாது என்று நாங்கள் எல்லோரும் பார்த்தவுடனே சொன்னோம். அவர் செய்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். உட்கார்ந்தார், செருகினார், குனிந்தார். ஷெட் முழுக்க முடி கருகிய வாசனை வந்தது. மறுநாள் பாதிப் புருவத்தோடு வந்து எங்களை எல்லாம் கூட்டி வைத்து விளக்கினார்.

“பவர் கூடுனா தூரம் கொறையும். தூரம் கொறைஞ்சா பொசுங்கும். அதனால எத்தனை பெருசாத் தெரியுதுங்கறது கேள்வி இல்ல, எவ்வளவு தூரத்துல இருந்து தெரியுதுங்கறதுதான் கேள்வி.”

இப்போது யோசித்தால் நல்ல பேச்சுதான். அன்றைக்கு அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் போனில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் இயல்பாக உட்காரும்போது அவள் கண்ணுக்கும் போர்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியவேண்டுமாம். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். லைனில் கலவரம். மூக்கை அளக்கிறார் மேடம், என்னவென்று கேளுங்கள் என்று சரோஜா தலைமையில் என் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் போய் டேப்பைப் பிடுங்கி, ஒரு முனையை நானே பிடித்து, எல்லோருக்கும் அளந்து கொடுத்தேன். நான் படித்த டிப்ளமோவுக்கு அன்றைக்கு அதுதான் வேலை.

பிறகு தலையில் மாட்டுகிற லென்ஸ் வந்தது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, கண்ணுக்கு முன்னால் தொப்பி விளிம்பு மாதிரி இறங்குகிற லென்ஸ். கை இரண்டும் சும்மா இருக்கும், விலையும் கொஞ்சம். இதையே வாங்கிவிடலாம் என்று நான் கெஞ்சினேன். நாள் முழுக்க மாட்டியிருந்தால் தலை கனக்குமா என்று தெரியவேண்டாமா என்றார். அன்றிலிருந்து அதைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும்போதும் அதோடுதான் போனார்.

அவர் குடியிருந்தது தளி ரோட்டில். காலையில் ஜவளகிரியிலிருந்து வருகிற பஸ்ஸில்தான் வருவார். ஒரு நாள் அந்தக் கோலத்தில் ஏறியவரைப் பார்த்துக் கண்டக்டர், “ஏனு சார், டாக்டரா?” என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். இவர் திருநெல்வேலித் தமிழில் நீளமாக ஒரு பதில் சொல்லியிருக்கிறார். கண்டக்டருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாததால் பெரிய டாக்டர் என்று முடிவுகட்டி, அழுகிற குழந்தையோடு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாவிடம் அழைத்துப் போய்விட்டார். குழந்தையின் காதுக்குள் கம்மல் திருகாணி ஒன்று விழுந்து கிடந்தது. காதின் வாசலோரமாகத்தான் கிடந்திருக்கிறது. இவர் லென்ஸை இறக்கி, சட்டைப் பையிலிருந்து கம்பெனி ட்வீசரை எடுத்து, அதை வெளியே எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வழித்தடத்தில் அவருக்காக ஜனங்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். காலில் முள் குத்தியவர்கள், கண்ணில் தூசி விழுந்தவர்கள், வெறுமனே காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். தினமும் வேலைக்குத் தாமதம். ஏனய்யா லேட் என்று முதலாளி கேட்டதற்கு, “ரெண்டு முள்ளு, ஒரு காது,” என்று பதில் சொன்னார். அத்தனையும் பார்த்து முடித்தபின் அவர் தந்த தீர்ப்பு: முள் எடுக்க அருமையான சாதனம், சிப்பு ஒட்ட ஆகாது. ஏற்கெனவே மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இதை மாட்டினால் லென்ஸ் கண்ணாடியில் இடிக்கிறது. அதோடு ஆளுக்கு ஆள் தூரம் மாறுகிறது. வேண்டாம்.

நான்காவதாக வந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தட்டு அகலத்துக்கு ஒரு வட்ட லென்ஸ், அதைச் சுற்றி வளையமாக ஒரு டியூப் லைட், மேசையில் முடுக்கிக்கொள்ள மடக்குக் கை. இழுத்த இடத்தில் நிற்கும். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், கையும் சும்மா இருக்கும், முகத்துக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சொம்பே வைக்கலாம், அவ்வளவு இடம். பெங்களூர் கடைக்காரர் ஒன்றைப் பார்வைக்குக் கொடுத்திருந்தார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எல்லோருக்கும் பிடித்ததாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. இங்கே மின்சாரம் ஏறி இறங்குகிறதே, வோல்டேஜ் குறைந்தால் டியூப் நடுங்குமே, நடுங்கினால் கண் வலிக்குமே என்று காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் எரியவிட்டுப் பார்த்தார். பிறகு முதலாளிக்குக் காட்டுவதற்காக அவர் அறையில் ஜன்னலோரம் வைத்துவிட்டு, மூடி போடாமல் போய்விட்டார். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து, லென்ஸுக்குள் புகுந்து, முதலாளியின் நாற்காலி மெத்தையில் ஒரு புள்ளியாய் இறங்கியிருக்கிறது. புகை பார்த்து நாங்கள் ஓடியபோது மெத்தையில் நாலணா அளவில் ஓட்டை. முதலாளி அன்றைக்குத் தமிழ் பேசவே இல்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மைக்ராஸ்கோப் வந்தது. இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை, அதுவும் பார்வைக்குத்தான். அதன் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்றார்கள். எங்களில் யாருக்கும் அதில் கண் வைக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிப்பைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார். கேன்டீன் சோற்றைப் பார்த்து அதில் வண்டு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கேன்டீன்காரருக்கும் காட்டினார். கேன்டீன்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். அன்று மொத்தக் கம்பெனியும் பன் தின்றது.

ஒரு வாரம் என்றது மாதக்கணக்காகிவிட்டது. முதலாளி ஒரு காரியம் செய்தார். பெங்களூர் போன இடத்தில், டயாப்டர் சாரைக் கேட்காமலே, மலிவான தலைப்பட்டை லென்ஸ்களைக் கூடையாக அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். எல்லோருக்கும் கண் பரிசோதனை. மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்து இருக்கிறதல்லவா, அதைப் படிக்கமுடியாதவர்கள் புது லைனில் வேண்டாம். பழைய லைனுக்கும் பேக்கிங்குக்கும் ஆள் நிறைய இருப்பதால் அங்கேயும் வேண்டாம், வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சோதித்துப் பெயர் எழுதித் தரவேண்டியது சூப்பர்வைசரான நான்.

எனக்கு உடனே மேரியக்கா ஞாபகம்தான் வந்தது. முழுப்பெயர் ஆரோக்கியமேரி, மத்திகிரியிலிருந்து வருவார். நாற்பதைத் தாண்டியவர். அவர் வைத்த ஈயப் பற்று, மாதா கோயில் மெழுகுவர்த்திச் சொட்டு மாதிரி வழவழவென்று உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளாக அவர் போர்டைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்துப் பார்ப்பதை நான் கவனித்திருந்தேன். உத்தரவு வந்த அன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

“எம்பேர எழுதிடாதீங்க மேடம். வூட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். கண்ணாடி போட்டா வயசாயிடுச்சின்னு நிறுத்திடுவாங்கன்னுதான் போடல.”

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் ஒரே ஆள் மேல் திரும்பியது. நேரே போனேன். டயாப்டர் சார் மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆராய்ச்சியால் ஒரு மனுஷிக்கு வேலை போகப்போகிறது, மூன்றாவது வாரமே எதையாவது வாங்கித் தொலைத்திருந்தால் இந்தப் பரீட்சையே வந்திருக்காது என்று பொரிந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சமும் கோபமில்லை. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அவங்களுக்காகத்தானே பாக்கேன். லைன்ல யாருக்குக் கண்ணு மூப்போ அவங்களுக்கு எது ஒத்துவருதோ அதைத்தான் வாங்கணும், மத்தவங்களுக்குத் தானா ஒத்துக்கிடும். மொதநாள் கூட்டத்துலயே சொன்னேம்லா?”

சொல்லியிருந்தார்தான். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வந்தது. ஜெர்மன்காரர்கள் லென்ஸுக்கு மெருகு போடுவதற்கும், நாற்காலியின் உயரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வரியாக அது வந்தது. ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு வரியை அப்படிப் புதைத்து வைத்தால் அதை யார் கண்டுபிடிப்பது? அதைத் தேடவே ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். இதையும் அவரிடம் சொன்னேன். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டார்.

பெயர் எழுதிக் கொடுப்பதை நான் நாளை, மறுநாள் என்று இழுத்தேன். இழுப்பது எப்படி என்று பக்கத்திலேயே பார்த்துப் பழகியிருந்தேனே. அதற்குள் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து சாம்பிள் பார்க்க ஒரு ஆள் வந்துவிட்டார். டை கட்டிய இளைஞர். முதலாளி வாங்கிய தலைப்பட்டைகளை மாட்டிக்கொண்டு எல்லோரும் தலைவலியோடு செய்த போர்டுகளை அவர் ஒவ்வொன்றாகத் தன் லென்ஸில் பார்த்தார். ஒன்றில் சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவில் ஈயம் வழிந்து பாலம் போட்டிருந்தது. இன்னொன்றில் சிப்பு படுக்காமல் எழுந்து நின்றது. தேறாது என்று உதட்டைப் பிதுக்கினார். இப்படியே இருந்தால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. எல்லோர் முன்னாலும், கிழட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு புது வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், நாற்பது தாண்டியவர்கள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். மேரியக்கா அயர்னை அதன் ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து டயாப்டர் சாரின் குரல் வந்தது.

“முதலாளிக்கு இப்ப என்ன வயசு ஆகுது?”

முதலாளிக்கு ஐம்பத்தைந்துக்குக் குறையாது. டை கட்டிய இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வேலை செய்தது. வெளியாள் முன்னால் பின்வாங்க முதலாளிக்கு மனசில்லை. ஒரே ஒரு சிப்பை நீங்களே ஒட்டிக் காட்டுங்கள் என்று டயாப்டர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டதும், விறுவிறுவென்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைப்பட்டையை மாட்டினார். ட்வீசரால் ஒரு சிப்பைப் பிடித்தார். கண்ணை இடுக்கினார், விரித்தார், முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார். போர்டு எங்கே இருக்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு பலமாக ஒரு மூச்சு விட்டார். அவருடைய பெரிய மீசை வழியாக வந்த அந்தக் காற்றில் சிப்பு போயே போயிற்று. எல்லோரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். டை கட்டியவரும் தேடினார். கடைசி வரை கிடைக்கவில்லை.

“இப்ப இங்க வாங்க,” என்று டயாப்டர் சார் அவரை மேசையின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே அந்த வட்ட லென்ஸ் விளக்கு முடுக்கியிருந்தது. மெத்தையை எரித்தது அதுதான் என்பதால் முதலாளி சற்றுத் தள்ளியே நின்றார். டயாப்டர் சார் போர்டுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து உயர்த்தினார், நாற்காலியைத் தாழ்த்தினார். பிறகு பையிலிருந்து, நடைபாதைக் கடையில் விற்குமே, அந்த மாதிரிப் படிக்கிற கண்ணாடிகளை ஒரு கொத்தாக வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாக முதலாளியின் மூக்கில் மாட்டி, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டார். நாங்கள் கொட்டாவி விடத் தொடங்கியபோது ஒன்று பொருந்தியது.

“கண்ணுல இருக்க கொறையைக் கண்ணாடி பாத்துக்கிடும். சின்னதைப் பெருசாக் காட்டுதது மட்டும்தான் லென்ஸோட வேலை. ரெண்டையும் ஒரே லென்ஸ் தலைல கட்டுனா நம்ம தலதான் வலிக்கும்,” என்றார்.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை.

முதலாளி லென்ஸ் வழியாகப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. சிப்பை எடுத்து வைத்தார், அயர்னைத் தொட்டார், ஈயம் இளகிப் பிடித்துக்கொண்டது. கோணல்தான். ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று கொடுங்கள் என்றார். அதையும் ஒட்டினார். பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். நான்தான், சார், மேரியக்காவும் ஒருமுறை பார்க்கட்டும் என்று சொல்லி எழுப்பினேன்.

மேரியக்கா கண்ணாடியை மாட்டத் தயங்கினார். கொத்தில் எது அவருக்குச் சரி என்று டயாப்டர் சாருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேடாமல் எடுத்துக் கொடுத்தார். அக்கா மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அசையாமல் போர்டைப் பார்த்தார். அப்புறம் கை தானாக ஓடியது. ஒரு வரிசை முழுக்க ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். டை கட்டியவர் தன் லென்ஸை வைத்து அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். இதேபோல எல்லோரும் செய்தால் எப்போது அனுப்பமுடியும் என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி மேரியக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்து முதலாளிகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா என்றார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. கண் பரிசோதனைப் பேச்சு அத்தோடு நின்றது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஷெட்டுக்கே வந்து எல்லோர் கண்ணையும் பார்த்துவிட்டுப் போனார். தேவைப்பட்டவர்களுக்குக் கண்ணாடி வந்தது. சரோஜாவுக்கே வந்தது. இத்தனை வாய் பேசியவளுக்கு ஒரு கண் மங்கல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் என்ன வாங்கினார் என்று கேட்பீர்கள். ஒட்டுவதற்கு ஆளுக்கொரு வட்ட லென்ஸ் விளக்கு, பவர் குறைவானது. ஒட்டியதைச் சரிபார்க்க வாட்ச் கடைக் குழாய் லென்ஸ். தப்பாகப் போனதைப் பிரித்துத் திருத்த ஒரே ஒரு மைக்ராஸ்கோப். அதாவது இத்தனை மாதமாக வேண்டாம் என்று ஒதுக்கியதில் பாதியை வாங்கினார். இதில் நான் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: விளக்குகள் வந்து இறங்கிய அன்று ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மடக்குக் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் சரோஜா போய் மற்ற பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாலை வரை இறங்கவில்லை.

காது மெஷின் வேலை பல வருஷம் ஓடியது. மேரியக்கா மகளுக்குக் கல்யாணம் முடித்து, போதும் என்று தானாகத் தோன்றியபோதுதான் வேலையிலிருந்து நின்றார். டயாப்டர் சார் அதற்கு முன்பே ஊரோடு போய்விட்டார். நானும் கல்யாணம், குழந்தை, எழுத்து என்று எங்கெங்கோ போய்விட்டேன். அவரை நினைத்தால் புருவம் கருகின வாசனைதான் முதலில் வரும், கூடவே பழைய எரிச்சலும் வரும்.

சென்ற மாதம் ஒரு பகல் வேளையில் அவரிடமிருந்து போன் வந்தது. சரோஜாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். நலமா என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைக்கவேண்டும் என்கிறார்கள் என்று தொடங்கினார். கிட்டப் பார்வைக்கு வைப்பதா, தூரப் பார்வைக்கு வைப்பதா என்று டாக்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டாராம். இவரிடம் போய் யாராவது அப்படிக் கேட்பார்களா? மூன்று ஆஸ்பத்திரி மாறியாயிற்று. மூன்றாவது டாக்டர், முடிவு செய்தபிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மகளிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த டாக்டர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு வகையின் நல்லது கெட்டதையும் அவர் விவரித்துக்கொண்டே போனார். அடுப்பில் வைத்த குழம்பை மகனைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லிவிட்டு, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். எங்கேயும் குறுக்கிடவில்லை.

“கிட்டத்துக்கே போட்டுக்கிடலாம்னு தோணுது. தூரத்துல பாக்க எனக்கு இனிமே என்ன இருக்கு, சொல்லுங்க?” என்று கடைசியில் கேட்டார்.

“தூரத்துக்கே போட்டுக்குங்க சார்,” என்றேன். “நானும் மேரியக்காவும் சரோஜாவும் ஒருநாள் உங்க ஊருக்கு வரோம். நாங்க தெருமுனையில திரும்பறப்பவே உங்களுக்கு எங்களத் தெரியணும்.”

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

“வாசல்ல இருந்து தெருமுனை எவ்வளவு தூரம்னு அளந்துட்டுச் சொல்லுதேன்,” என்றார்.